பெட்டியும் வில்லையும்

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மங்களம் பாடி முடிந்து, களரியைச் சுற்றியிருந்த சனங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டனர். விடிய விடியக் கண்விழித்த களைப்போடு நான் கமராவின் சிறு திரையைத் திருப்பிப் பார்த்தேன். அவ்விரவு அதிலே முழுமையாக இருக்கவில்லை. அரைமணி நேரத் துண்டுகள் சில இருந்தன. அவற்றுக்கிடையே எத்தனையோ நிமிடங்கள் காற்றோடு போயிருந்தன.

இது 2016ஆம் ஆண்டிலே, மட்டக்களப்பு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது. வடமோடிக் கூத்து. அண்ணாவியாருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. களரியின் நடுவிலே நின்று இரவு முழுவதும் மத்தளம் வாசித்த அவர், மூன்று மணிக்கு மேல் ஒரு கட்டத்தில் மத்தளத்தை மகனிடம் கொடுத்துவிட்டுத் தாமே ஒரு வரவுத் தருவைப் பாடினார். அத்தருவின் சொற்கள் ஏட்டிலே உண்டு. மெட்டு ஏட்டிலே இல்லை. அது அவர் தொண்டையில் மட்டுமே இருந்தது. கூத்திலே சொக்கிப்போய் நின்ற நான், கமராவின் சிவப்புப் புள்ளி அணைந்திருந்ததைக் காணவில்லை. தொடர்ந்து பதிந்துகொண்டிருந்த கருவி சரியாக 29 நிமிடமும் 59 செக்கனும் ஆனதும் தானாகவே நின்றுவிட்டிருந்தது. அடுத்த வருடம் அவர் கை நடுங்கத் தொடங்கியது. 2018இல் அவர் காலமானார்.

அந்த 29 நிமிடம் 59 செக்கன் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் பார்த்தேன். ஐரோப்பியச் சுங்க வகைப்பாட்டிலே, ஒரே தொடராக முப்பது நிமிடம் அல்லது அதற்கு மேல் வீடியோ பதியக்கூடிய கருவி, நிழற்படக் கமரா அன்று, வீடியோக் கமரா. அதற்குத் தீர்வை அதிகம். அத்தீர்வைக்குத் தப்பும்பொருட்டு உற்பத்தியாளர்கள் ஒரு செக்கன் குறைத்துக் கருவியை நிறுத்தினர். அதனைச் செய்ய இயலாத பொறி அன்று அது. செய்யாதபடி கட்டிவைக்கப்பட்ட பொறி. 2015இல் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் பல செய்துகொண்ட உடன்பாட்டின்படி அத்தீர்வை படிப்படியாக நீங்கியது. பின்னர் வந்த கமராக்கள் பலவற்றில் அந்த எல்லையும் மறைந்தது. ஆனால், எங்கோ இருந்த சுங்க ஏட்டின் ஒரு வரி, மட்டக்களப்புக் களரியிலே ஒரு தருவை விழுங்கியது விழுங்கியதுதான்.

நிற்க. அண்மைக் காலத்திலே பாடசாலை நாடகக் கழகங்கள், பல்கலைக்கழக மாணவர் மன்றங்கள் என்று பல இடங்களிலிருந்தும் ஒரே கேள்வி வருகின்றது. “சேர், சிறிதாக ஒரு கமரா வாங்கப்போகிறோம். வீடியோ எடுக்க எது நல்லது?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கையிலே ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதிலே பெட்டிகளின் பெயர்கள் மட்டும் இருக்கும். வில்லையின் பெயர் ஒன்றுகூட இராது. திருமணம் பேசப்போனவன், பெண் யார் என்று கேளாமல் வீட்டின் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வந்ததைப் போன்றது இது.

ஆயினும், பெட்டியைப் பற்றிச் சிறிது சொல்லித்தான் ஆகவேண்டும். இன்று ‘மிரர்லெஸ்’ என்று கடைகளில் விற்கப்படும் கமராவுக்கு அப்பெயர் ஏன் வந்தது? பழைய ஒற்றைவில்லைக் கமராவின் வயிற்றிலே, வில்லைக்குப் பின்னால், சரிவாக ஒரு தளவாடி இருந்தது. வில்லை வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும்; படம் எடுக்கும் கணத்தில் மேலே எழுந்து ஒளிக்கு வழிவிடும். நிழற்படத்துக்கு அஃது அழகான ஏற்பாடு. வீடியோவுக்கோ அது வெறும் இடைஞ்சல். ஏனெனில், வீடியோ பதியும் நேரம் முழுவதும் ஆடி மேலேயே நிற்கவேண்டும்; அப்போது பார்வைத் துளை இருண்டுபோகும். 2008இல் நிக்கொன் டி 90, கனொன் 5டி மார்க் II ஆகிய இரண்டும் ஆடியுள்ள கமராவிலே வீடியோவைக் கொண்டுவந்தபோது உலகம் வியந்தது உண்மை. ஆனால், அவற்றை வைத்துப் படமெடுத்தவர்கள் அந்த ஆடியைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

அதே 2008இல் பனசொனிக்கும் ஒலிம்பஸும் சேர்ந்து ‘மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்’ என்னும் முறையை அறிவித்தன. ஆடியை அகற்றிவிட்டால் வில்லைக்கும் உணரிக்கும் இடையே இருந்த வெற்றிடம் தேவையற்றதாகும், பெட்டி மெலியும், வில்லையும் சிறுக்கும். அவ்வழியிலே முதலில் வந்த பனசொனிக் ஜீ 1 இல் வீடியோவே இருக்கவில்லை என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். 2009இல் வந்த ஜீ.எச். 1 அக்குறையை நீக்கியது. 2010இல் சோனியின் ஈ வாய், 2012இல் பியூஜிபிலிமின் எக்ஸ் வாய், 2018இல் கனொனின் ஆர்.எஃப்., நிக்கொனின் இசட் என்று ஏனையோரும் இவ்வழிக்கே வந்து சேர்ந்தனர்.

வாங்குவோரை மிகவும் மயக்கும் சொல் ‘ஃபுல் பிரேம்’, அதாவது முழுச்சட்டகம். 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள உணரிக்கு அப்பெயர். முழு என்றால் மற்றவை யாவும் அரைகுறை என்று நினைக்கத் தோன்றுமன்றோ? ஆனால், அந்த அளவு நிழற்படக்காரரின் அளவு. நிழற்படக் கமராவிலே 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் பக்கவாட்டில் ஓடியது. சினிமாக் கமராவிலோ அதே சுருள் மேலிருந்து கீழாக ஓடியது. ஆகவே, பேசும் படத்தின் சட்டகம் அகலத்திலே 22 மில்லிமீற்றரை அண்டியதாகவே இருந்தது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’ படத்தைக் கிராமத்து வெயிலிலே எடுத்ததும் 35 மில்லிமீற்றர்ச் சுருளிலேதான். இன்றைய ஏ.பி.எஸ்.-சி உணரி அதனை ஒத்த அளவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் உணரி 17.3க்கு 13 மில்லிமீற்றர். அதனைவிடச் சிறிதாயினும், செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர்ச் சுருளின் சட்டகத்தைவிடப் பெரிது. முழுச்சட்டகம் இல்லாமற் சினிமா இல்லை என்பவர், சினிமாவின் வரலாற்றில் மிகப் பெரும் பகுதியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

இதற்காகப் பெரிய உணரியால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. முழுச்சட்டகத்தின் பரப்பிலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் பரப்பு. மங்கிய ஒளியிலே அவ்வேறுபாடு படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும். மெகாபிக்செல் என்னும் எண்ணிக்கையோ வீடியோவுக்கு வேண்டாத கணக்கு. 4கே வீடியோவின் ஒரு சட்டகத்திலே 3840ஐ 2160 ஆற் பெருக்கிய புள்ளிகள், அதாவது எண்பது இலட்சத்துச் சொச்சம்தான். 2014இல் சோனி வெளியிட்ட ஏ7எஸ், வீடியோக்காரரிடையே பெரும் புகழ் பெற்றது. அதன் உணரி 12 மெகாபிக்செல் மட்டுமே. புள்ளிகள் குறைந்ததால் ஒவ்வொன்றும் பெரிதாகி இருட்டிலும் நன்கு கண்டது.

பெரிய உணரியின் இன்னொரு விளைவுதான் இன்றைய இளைஞரை ஆட்டிவைக்கின்றது. முகம் மட்டும் தெளிவாக இருக்க, பின்னணி பஞ்சுபோலக் கரைந்துபோவது. அழகுதான், மறுக்கவில்லை. திருமண வீட்டிலே மணமகளின் கண்களுக்கு அது பொருந்தும். களரிக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பாருங்கள். வடமோடிக் களரியின் நடுவிலே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார். அவரருகே சல்லரிக்காரரும் பக்கப்பாட்டுக்காரரும் நிற்கிறார்கள். ஆட்டக்காரன் அவர்களைச் சுற்றி ஆடுகிறான். ஆட்டக்காரனின் காலும் அண்ணாவியாரின் கையும் ஒரே தாளத்தில் இணைவதே கூத்து. பின்னணியைக் கரைத்தால் கரைந்துபோவது அண்ணாவியார்தான்.

கணக்காகவே சொல்கிறேன். முழுச்சட்டகக் கமராவிலே 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8 துவாரத்தில் திறந்து, மூன்று மீற்றர் தூரத்தில் நிற்பவன்மீது குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 40 சென்றிமீற்றர். ஆட்டக்காரன் ஓரடி முன்வைத்தால் அவன் தெளிவிலிருந்து வெளியேறிவிடுகிறான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலே 12 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 2.8 இல் வைத்து, மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் குவித்துவிட்டால், ஒன்றே முக்கால் மீற்றரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் போதிய தெளிவோடு நிற்கும். பின்னர் விடியும்வரை குவிய வளையத்தைத் தொடவேண்டியதில்லை. தன்னியக்கக் குவிப்பு எவ்வளவு முன்னேறியிருப்பினும் (பனசொனிக் தன் கமராக்களிலே கட்ட வேறுபாட்டு முறையை 2023இல் எஸ்5 II உடன்தான் கைக்கொண்டது), கிரீடமும் கரப்புடுப்பும் அணிந்து சுழலும் ஒருவனை அது சில வேளைகளில் விட்டுவிட்டு, முன்வரிசையிலே எழுந்து நிற்கும் சிறுவனின் தலையைப் பிடித்துக்கொள்ளும்.

இனி வில்லைக்கு வருவோம்.

வில்லையின் குவியத்தூரம் சிறிதாயின் அகன்ற காட்சி. பெரிதாயின் நெருங்கிய காட்சி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலே எந்த எண்ணையும் இரண்டால் பெருக்கினால் முழுச்சட்டகக் கணக்குக் கிடைக்கும். 25 மில்லிமீற்றர், அங்கே 50 செய்யும் வேலையைச் செய்யும். ஏ.பி.எஸ்.-சி ஆயின் ஒன்றரையால் பெருக்குக. இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே. பலர் எண்ணாதது எடை. பனசொனிக்கின் 12-35 எஃப் 2.8 வில்லை 305 கிராம். அதே கோணத்தை முழுச்சட்டகத்திலே தரும் 24-70 எஃப் 2.8 வில்லையாகச் சோனி 2016இல் வெளியிட்டது 886 கிராம். இன்னும் நெருங்கிப் பார்க்கும் 35-100 எஃப் 2.8 வில்லை 360 கிராம். அங்கே அதற்கு நிகரான 70-200 எஃப் 2.8 வில்லைகளிற் சில, ஒன்றரைக் கிலோகிராமை நெருங்கும். பெட்டிகளுக்கிடையே எடை வேறுபாடு பெரும்பாலும் அற்பம். தோளை அழுத்துவது வில்லைதான். ‘சிறிய கமரா’ என்று பெட்டியின் எடையை மட்டும் பார்த்து வாங்கியவர், பின்னர் அதற்கேற்ற வில்லையை மாட்டியதும் அது முன்பக்கம் கவிழ்ந்து விழும்போதுதான் உண்மையை அறிகின்றனர்.

நிழற்படத்துக்கு நல்ல வில்லை எல்லாம் வீடியோவுக்கும் நல்லதாகிவிடாது. சில வில்லைகள் குவியத்தை நகர்த்தும்போது காட்சியும் சற்று விரிந்து சுருங்கும். மூச்சு விடுவதுபோல என்பதால் அதனை ‘மூச்சு’ என்றே தொழிலாளர் அழைப்பர். நிழற்படத்தில் அது தெரியவே தெரியாது. வீடியோவிலோ திரையே அசைவதுபோலத் தோன்றும். சில வில்லைகளின் மோட்டார் கிறீச்சிடும். அமைதியான உரையாடலில் அது பதிந்துவிடும். அகன்ற நிலையில் எஃப் 3.5 ஆகவும் நெருங்கிய நிலையில் எஃப் 5.6 ஆகவும் மாறும் மலிவான வில்லையால் காட்சியை நெருக்கினால், நடுவிலே விளக்கு மங்கியதுபோல இருளும். அதனாலேதான் துவாரம் மாறாத வில்லையைத் தேடும்படி சொல்வது. ஏ.பி.எஸ்.-சி வைத்திருப்போருக்குச் சிக்மா 2021இல் வெளியிட்ட 18-50 எஃப் 2.8 இவ்வகையில் ஒரு நல்ல துணை. 290 கிராம் எடையுள்ள அவ்வளவு சிறிய வில்லை எஃப் 2.8 ஐத் தொடர்ந்து தருவது முன்பு எளிதாக இருக்கவில்லை.

குவிய வளையத்தையும் விரலால் சுழற்றிப் பார்த்தே வாங்கவேண்டும். இன்றைய வில்லைகள் பலவற்றில் வளையம் வில்லையோடு நேரே இணைந்ததன்று. அது மோட்டாருக்குக் கட்டளை இடும் சாவி மட்டுமே. வேகமாகச் சுழற்றினால் ஒரு தூரம், மெதுவாகச் சுழற்றினால் வேறொரு தூரம் என்று அது ஏமாற்றும். ஒலிம்பஸின் 12-40 எஃப் 2.8 போன்ற சிலவற்றில் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் தூர அளவுகள் வெளிப்பட்டு, இரு முனைகளிலும் வளையம் முட்டி நிற்கும். ஆட்டக்காரன் எந்த இடத்துக்கு வருவான் என்பதை அறிந்து, அந்த அடையாளத்துக்குக் கண்மூடித் திருப்பலாம்.

இவ்விடத்திலே பழைய வில்லைகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆடி நீங்கியதால் வில்லை வாய்க்கும் உணரிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்ததென்றேன். சோனி ஈ வாயில் அது 18 மில்லிமீற்றர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 20க்குச் சற்றுக் குறைவு. பழைய எம் 42 திருகு வாயிலோ அது 45 மில்லிமீற்றருக்கு மேல். எஞ்சிய தூரத்தை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பிவிட்டால் பழைய வில்லை புதிய பெட்டியிலே வேலை செய்யும். வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. மூடப்பட்டுவிட்ட ஒரு ஸ்ரூடியோவின் அலுமாரியிலிருந்து எனக்குக் கிடைத்தது சோவியத் நாட்டு ஹீலியொஸ் 44-2, 58 மில்லிமீற்றர், எஃப் 2. யேர்மனியச் சைஸ் பயோட்டாரின் அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்ட வில்லை அது. உலோக உடம்பு, எண்ணெய் தடவியதுபோல வழுக்கிச் சுழலும் உண்மையான வளையம், மோட்டாரே இல்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அது 116 மில்லிமீற்றர்போல நெருங்கிப் பார்க்கும். வேடம் தரித்தவன் முகத்துக்கு அதைவிட எனக்குப் பிடித்த வில்லை இல்லை. எனினும், எங்கள் கடற்காற்றிலே அதன் உட்புறம் பூஞ்சணம் பிடித்திருந்தது. மூடியடைத்த பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வாங்காதவன் வில்லை வாங்கக்கூடாது என்று சட்டமே போடலாம்.

வில்லை பூட்டும் வாயைத் தேர்வதே உண்மையில் பெரிய முடிவு. சம்சுங் கொம்பனி 2014இல் என்.எக்ஸ். 1 என்னும் கமராவை வெளியிட்டது. 4கே வீடியோ, வேகமான குவிப்பு என்று அக்காலத்திலே அதற்கு நிகர் அரிது. சில வருடங்களுக்குள் அக்கொம்பனி கமராத் தொழிலை விட்டே விலகிவிட்டது. அந்த வில்லைகளை வாங்கியோர் அநாதையாகினர். நிக்கொன் 2011இல் தொடங்கிய ‘1’ என்னும் வரிசையையும் 2018இல் நிறுத்தியது. பெட்டி பழசாகும், அது இயல்பு. வில்லை நிலைத்திருக்க வேண்டும். ஆகவே, வாங்கும்போது பெட்டியின் புதுமையைவிட அந்த வாய்க்கு எத்தனை கொம்பனிகள் வில்லை செய்கின்றன, பழைய வில்லைகள் எவ்வளவு கைமாறுகின்றன என்று விசாரிப்பதே அறிவு. சோனி ஈ வாய்க்குச் சிக்மா, தம்ரன் முதலியோரும் செய்கின்றனர். லைக்கா, பனசொனிக், சிக்மா மூன்றும் 2018இல் எல் வாய்க்காகக் கூட்டுச் சேர்ந்தன.

செலவு செய்யும் இடத்தை அறிந்தவர்களுக்குப் பெட்டி எவ்வளவு போதும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023இல் வெளிவந்த ‘த கிரியேட்டர்’ என்னும் ஆங்கிலப் படத்தை இயக்குநர் கரெத் எட்வேர்ட்ஸ், சோனி எஃப்.எக்ஸ். 3 என்னும் கையடக்கக் கமராவில் எடுத்தார். பற்றரியோடு சேர்த்து 715 கிராம் எடையுள்ள பெட்டி. அதன் முன்னே பூட்டியவையோ கோவா என்னும் யப்பானியக் கொம்பனி பழைய நாளிற் செய்த அனமோர்பிக் வில்லைகள். திரையரங்கிலே அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பெட்டியின் சிறுமையைக் கண்டிருப்பார்கள்?

எங்கள் நாட்டுக்குரிய ஒரு நுட்பத்தையும் கூறவேண்டும். வீடியோ எடுக்கும் அன்பர்களிற் பலர், கமரா வந்த நிலையிலேயே செக்கனுக்கு 30 சட்டகம் என்று வைத்து எடுக்கிறார்கள். அது 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்காவின் வழக்கம். எங்கள் மின்சாரம் 50 சுற்று. குழல் விளக்கு செக்கனுக்கு நூறு தடவை மினுங்கும். 1/60 செக்கன் திறப்பு அம்மினுக்கத்தோடு ஒத்துப்போகாததால் படத்திலே கருவரிகள் மேலும் கீழும் ஓடும். செக்கனுக்கு 25 சட்டகம், 1/50 செக்கன் திறப்பு என்று வைத்தால் ஓயும். அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். ஆனால், அதே 1/50ஐப் பகலிலும் வைத்திருக்க வேண்டுமே! ஐ.எஸ்.ஓ. 100 இல், உச்சி வெயிலில், துவாரத்தை எஃப் 22 வரை ஒடுக்கவேண்டி வரும். அவ்வளவு ஒடுக்கினால் விம்பம் மழுங்கும். அதற்காகவே ‘என்.டி.’ என்னும் மங்கற் கண்ணாடியை வில்லையின் முன்னே பூட்டுவர். பகலில் வீடியோ எடுப்பவருக்கு அது ஆடம்பரம் அன்று. வில்லையோடு சேர்த்தே வாங்கவேண்டிய பொருள்.

ஒலியைப் பற்றி நீட்டவில்லை. கமராவோடு பிறந்த ஒலிவாங்கி எதற்கும் உதவாது. தானே ஒலியளவைச் சரிசெய்யும்படி விட்டால், மத்தளத்தின் ஒவ்வோர் அடிக்கும் அது பயந்து ஒலியைத் தாழ்த்தும், பாட்டு அமுங்கிப்போகும். கையால் அளவை நிறுத்தவேண்டும். சிறிய பெட்டிகள் சிலவற்றில் ஒலிவாங்கிக்குத் துளை இருக்கும், காதுக்கருவிக்கு இராது. அவற்றை வாங்குபவர் கேளாமலே பதிகிறார். இன்னொன்று வெப்பம். உடம்பு சிறுத்தால் சூடு போக வழியும் சிறுக்கும். அதனால்தான் ஜீ.எச். 6 (2022), எஸ்5 II (2023) போன்றவற்றுக்குள் சிறு விசிறி வைத்தார்கள். விசிறியில்லாத எஸ் 9, 2024இல் வெளிவந்தபோது 4கே பதிவை 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டது. குறுங் காட்சிகள் எடுப்போருக்கு அது குறையன்று. கூத்துக்காரருக்கு, 29 நிமிடம் 59 செக்கனிலும் பாதி!

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பியது, இன்று கிழக்கிலே ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு. அவருடைய நாடகக் கழகம் பணம் சேர்த்திருந்தது. புதிய பெட்டி ஒன்றுக்கும் மலிவு வில்லை ஒன்றுக்கும் அது போதும். நான் மாற்றிச் சொன்னேன். 2017இல் வெளியான பனசொனிக் ஜீ.எச். 5, கைமாறியதாக ஒன்று. அதன் தன்னியக்கக் குவிப்பு இன்றைய கணக்கிலே பின்தங்கியது. எடை 725 கிராம், கையடக்கம் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால், பதிவுக்கு நேர எல்லை இல்லை. ஒலிவாங்கிக்கும் காதுக்கருவிக்கும் துளை உண்டு. இரண்டு அட்டைகள் செருகலாம், ஒன்று நிரம்பியதும் பதிவு நில்லாமல் மற்றதற்குத் தாவும். பற்றரி இருக்குமிடத்திலே அதன் வடிவில் ஒரு போலியைச் செருகி மின்கம்பியை இணைக்கலாம். மிஞ்சிய பணத்தில் 12-35 வில்லையும், இருட்டுக்காக 125 கிராம் எடையுள்ள 25 மில்லிமீற்றர் எஃப் 1.7 வில்லையும் வாங்கினார்கள். ஹீலியொஸை நான் கொடுத்தேன்.

2024இல் அதே கிராமத்துக்கு மீண்டும் போனோம். அண்ணாவியாரின் மகன் இப்போது அண்ணாவியார். செக்கனுக்கு 100 மெகாபிற்று என்று பதிந்தால் மணிக்கு 45 கிகாபைற்று. 64 கிகாபைற்று அட்டை ஒன்று ஏறத்தாழ 85 நிமிடம் தாங்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு ஆறு அட்டைகள் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்தோம். களரியருகே முக்காலித் தாங்கியில் கமராவை நிறுத்தியபோது புதிய அண்ணாவியார் வந்து குனிந்து பார்த்தார்.

“மாஸ்டர், அண்டைக்குக் கொண்டந்தது இதவிடப் பெரிசு. இதுக்குள்ள விடியுமட்டும் அடங்குமா?”

அடங்கும் என்றேன். குவியத்தை நிறுத்தி, வளையத்தின்மீது ஒரு துண்டு ரேப் ஒட்டினோம். மாணவர் காதுக்கருவியோடு விடியும்வரை இருந்தார். மூன்று மணிக்குப் பின்னர் அந்த வரவுத் தரு வந்தது. மகன் பாடினார், நன்றாகவே பாடினார். பாடி முடித்துத் தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் ஒதுங்கியபோது, மெதுவாகச் சொன்னார்:

“அப்பா பாடினது இப்பிடி இல்ல மாஸ்டர். என்னட்ட வந்து சேந்தது இவ்வளவுதான்.”

கமரா ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் எண் அட்டையின் தொடக்கத்திலே அத்தரு இருக்கின்றது. அதன் முடிவில், சற்றுத் தூரத்தில் இருந்தாலும் தெளிவாக, அவர் சொன்ன அவ்வார்த்தைகளும் இருக்கின்றன.